தட்டினால் வருகிறவன்

மரத்தை விலை பேசுகிறவன் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும். பட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கிக்கொண்டு போய் அறுத்துப் பார்த்தால், உள்ளே கரையான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த மரவாடியில் தட்டுக்காரர் வாய் திறக்காமல் ஒரு கட்டைகூடக் கைமாறாது. உள்ளங்கை அளவுச் சுத்தியல் ஒன்றை இடுப்பில் செருகியிருப்பார். மரத்தில் ஒரு தட்டு, காதை ஒட்டவைத்து ஒரு மூச்சு நேரம், அப்புறம் தீர்ப்பு. "வைரம்" என்றால் வைரம். "உளுத்தது" என்றால் விற்கிறவன் பெற்ற தாய் மேல் சத்தியம் பண்ணினாலும் உளுத்ததுதான். மனிதர்களைத் தட்டிப் பார்க்கத்தான் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மச்சானோடு ஒரே தொழிலில் இருந்திருக்க மாட்டார்.

மரவாடியும் அதை ஒட்டிய அறுப்பு மில்லும் மனைவியின் அண்ணனுடையவை. மச்சான் சிரித்துக்கொண்டே பேசுவார். எதிராளி வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் முதுகுத்தோல் உரிந்திருப்பது தெரியவரும்.

அந்த வருஷம் காட்டைக் காப்பாற்றுவது என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான், யாரும் குறை சொல்ல முடியாது. காப்பாற்றுகிற முதல் வேலையாக, அதுவரை அதற்குள் இருந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். மில்லின் பின்மதிலை ஒட்டி அவர்களுக்கு வரிசையாகக் கான்கிரீட் வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை, ஒரு பல்பு, எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்காத ஒரு ஜன்னல். காட்டு வாசலில் ஒரு கேட் முளைத்தது. அந்த மக்கள் அதைத் தாண்டக் கூடாது. தட்டுக்காரர் தாண்டலாம். பாதையோரத்து உளுத்த மரங்கள் ஜீப் மேல் விழுந்துவிடுமாம். அவற்றை மட்டும் வெட்டி எடுக்க மச்சானுக்கு உத்தரவு கிடைத்திருந்தது. எது உளுத்தது என்று சொல்ல ஒரு காது வேண்டுமே!

முதல் தடவை தனியாக உள்ளே போனபோதே அது நடந்தது.

பாதை வளைகிற இடத்தில் கிளைகளெல்லாம் பட்டுப்போன ஒரு மரம். வழக்கம்போல் தட்டினார், காதை வைத்தார். உள்ளே வெற்றிடம். எழுந்து நின்று சுண்ணாம்பால் குறி போடும்போது, தூரத்தில் எங்கோ மரத்தின் மேல் மரம் மோதுகிற சத்தம் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

மரங்கொத்தி என்று நினைத்தார். அடுத்த மரத்தைத் தட்டினார். சத்தம் மறுபடி வந்தது, அதே இடைவெளியோடு. ஆனால் இப்போது அது தூரத்தில் இல்லை.

மூன்றாவது மரத்தை அவர் தட்டியிருக்கவே வேண்டாம். அது உளுத்தது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். ஆனாலும் கை கேட்கவில்லை. தட்டினார். ஆற்றுப் பக்கத்துப் புதருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது, பக்கத்து அறையிலிருந்து ஆள் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை. இலைகூட அசையவில்லை. அங்கே ஏதோ நின்றுகொண்டு தன்னையே பார்க்கிறது என்பது மட்டும் பிடரிக்குத் தெரிந்தது. தட்டுக்காரர் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வேகத்தில் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டில் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"மரங்கொத்தி."

"மரங்கொத்தியப் பாத்தா இப்படி வேர்க்குது? புலியப் பாத்திருந்தா உங்களைத் துடைச்சுத்தான் எடுத்திருக்கணும்."

அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். ஆனால் அடுத்தடுத்த முறை போனபோதெல்லாம் அதே கதைதான். தட்டினால் பதில். பதிலோடு ஏதோ ஒன்று நெருங்கி வரும், வந்து நிற்கும், பார்க்கும், போய்விடும். தட்டாமல் வேலை நடக்காது. அவருடைய பிழைப்பே அதைக் கூப்பிடுவதாக ஆகிவிட்டது.

சாப்பிடும் நேரத்தில் பேச்சுவாக்கில் இதை மச்சானிடம் சொல்லிவைத்தார். மச்சான் சோற்றிலிருந்து கையை எடுக்காமல், "அப்படியா மாப்ள?" என்றார். அவ்வளவுதான். தட்டுக்காரரும் அதை மறந்துவிட்டார். மச்சான் எதையும் மறக்கிற ஆளில்லை என்பதையும் சேர்த்து மறந்துவிட்டார்.

மரவாடியிலும் ஒரு வினோதம் நடப்பதை அவர் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கட்டைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால், மில்லுக்குள் மரத்தூள் அள்ளுகிற பெண் கூடையைக் கீழே வைப்பாள். பக்கத்துக் கம்பத்தில் விரல் முட்டியால் தட்டுவாள். மதிலுக்கு அந்தப் பக்கம், காலனியில், சளசளவென்ற பேச்சு சட்டென்று நிற்கும். யாரோ கதவில் தட்டுவார்கள், இன்னொருவர் பலகையில். பிறகு பேச்சு மறுபடி தொடங்கும்.

அந்தப் பெண்ணை எல்லாருக்கும் தெரியும். தேன்காரி. காட்டுக்குள் இருந்த காலத்தில் கடைத்தெருவுக்குத் தேன் கொண்டுவருவாள். அவள் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். மச்சானே ஒருமுறை அரை நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, "இவ மட்டும் நம்ம வீட்ல பொறந்திருந்தா நான் மில்லுக்குக் காவல்காரனா இருந்திருப்பேன்" என்று புலம்பியதுண்டு. இப்போது அவள் அதே மச்சானுக்குத் தூள் அள்ளுகிறாள்.

"ஏம்மா, நான் தட்டினா நீ ஏன் தட்டற?" என்று கேட்டார் தட்டுக்காரர்.

"நீங்க ஏன் தட்டறீங்க?"

"மரம் கெட்டியான்னு பாக்கறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. "அதுக்கா! அண்ணே, காட்டுல ஒருத்தர் மரத்தத் தட்டினா வழி தவறிட்டாங்கன்னு அர்த்தம். கேக்கறவங்க பதில் தட்டணும், தட்டிக்கிட்டே போய்க் கூட்டிட்டு வரணும். கேட்டும் சும்மா இருந்தா அவங்க மனுசங்களே இல்ல. நீங்க காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் காணாமப் போய்ட்டே இருக்கீங்க. எங்க காலனில ஒவ்வொரு தடவையும் யாரு இல்ல, யாரு இருக்கான்னு சரிபாத்து அலுத்துப் போச்சு."

"இங்க ஏது காடு? மில்லுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். கைக்குத் தெரியலியே."

தட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "அதான் காட்டுலயும் எவனோ எனக்குப் பதில் தட்றானா?" என்று கேட்டுவிட்டார்.

தேன்காரியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிய விதம், ஏணியிலிருந்து ஆள் இறங்குகிற மாதிரி இருந்தது, படிப்படியாக, கடைசிப் படி வரை.

"எப்படித் தட்டினாங்க?"

அவர் சுத்தியலால் கட்டையில் தட்டிக் காட்டினார். டொக், டொக். இடைவெளி. டொக்.

அவள் திரும்பிக்கொண்டாள். கூடையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தட்டு உண்டு, பேர் மாதிரி என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். அவர் கேட்டது நெட்டையனுடையது. நெட்டையன் அவள் புருஷன்.

வீடு மாற்றிய நாளில் லாரி கிளம்பும்போது ஒரு கயிற்றை மறந்துவிட்டேன் என்று சொல்லி இறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை. தேடினார்கள். ஆற்றில் போயிருப்பான் என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். காடு காலி என்று மேலே எழுதியாயிற்று, உள்ளே ஒருவன் இருந்தால் எழுத்து பொய்யாகிவிடுமே. தேன்காரியால் அவன் பின்னால் போக முடியவில்லை. மகளுக்கு மூச்சுக் கோளாறு. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவள் லாரி ஏறவே சம்மதித்தது.

"அவன் என்னைப் பாக்கறானே, நான் யாருன்னு தெரியலியா?" என்றார் தட்டுக்காரர்.

"தெரியும். வெளி ஆளு, சட்டைக்காரர்னு பாத்துட்டுத் திரும்பிடுவான்."

"அப்புறம் ஏன் மறுபடி மறுபடி வர்றான்?"

"நேத்து தட்டினவர் சட்டைக்காரர்ங்கறதுக்காக, இன்னிக்குத் தட்டறது நானா இருக்கக் கூடாதா அண்ணே?"

அவர் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மாட்டினா வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டாந்துடுவாங்க. அவன் கூரைக்குக் கீழ நாலு நாள் தாங்க மாட்டான்."

மச்சானிடம் சொல்லியாயிற்றே என்பது தட்டுக்காரருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

மச்சானுக்குக் கிடைக்கிற சேதி எதுவும் வீணாவதில்லை. அடுத்த வாரமே வனத்துறை ரேஞ்சர் மரவாடிக்கு வந்து உட்கார்ந்தார். மெலிந்த மனிதர். காட்டைப் பற்றிப் பேசினால் குரல் தழுதழுக்கும். பொய்யில்லை, உண்மையிலேயே காட்டை நேசிக்கிறவர்தான். அதுதான் சிக்கல். லஞ்சம் வாங்குகிற ஆளென்றால் எங்கே பிடிப்பது என்று வியாபாரிக்குத் தெரியும்.

"உங்க தட்டலுக்கு அவன் வர்றானாமே" என்றார்.

தட்டுக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சார், அது மரங்கொத்தி."

"மரங்கொத்திக்குக் கேக்கத் தெரியாதுங்க, கொத்தத்தான் தெரியும். இதோ பாருங்க, அவன்மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. ஆனா ஒருத்தன் உள்ள இருந்தா, அவன் இருக்கான்னு சொல்லி இன்னொருத்தன் போவான். விறகுக்காரன் போவான், வேட்டைக்காரன் போவான். மேல இருந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அவனை வெளிய கொண்டாந்தாகணும். நாங்க தேடினா காத்த தேடற மாதிரி இருக்கு. நீங்க தட்டுங்க. அவனா வருவான். கேஸ் கீஸெல்லாம் போட மாட்டேன். வீடு இருக்கு, பொண்டாட்டி புள்ள இருக்கு. பல்பு எரியுது. வேறென்ன வேணும் மனுஷனுக்கு?"

"அதானே மாப்ள" என்றார் மச்சான். "குடும்பத்தச் சேத்து வெக்கறது புண்ணியம். சார் ஆத்துக்கு அந்தப் பக்கத்து மரங்களையும் பாக்கச் சொல்றாரு."

"உளுத்த மரம் இருந்தா" என்றார் ரேஞ்சர் அவசரமாக.

"இருக்கும் சார். மாப்ள தட்டினா இருக்கும்."

அப்போதுதான் தட்டுக்காரருக்குப் புரிந்தது. விலை பேசி முடித்துவிட்டார்கள். அவரைக் கூப்பிட்டது சரக்கைக் கட்டுவதற்கு மட்டும்.

மாலையில் காலனிக்குப் போனார். தேன்காரியின் அறையில் சுவர் வேர்த்திருந்தது. பல்பு எரிந்தது, ரேஞ்சர் சொன்னது சரிதான். கண்ணைக் கூசவைக்கிற அந்த வெளிச்சத்துக்குத் துணி போட்டு மறைத்திருந்தாள். மூலையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு மூச்சும் கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவர், உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தான்தான் மச்சானிடம் சொன்னது என்பதையும் விடவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

"நான் போகல" என்றார். "கை சுளுக்குன்னு சொல்லிடறேன்."

"உங்க கைக்குத்தான் சுளுக்கு. சுத்தியலுக்குச் சுளுக்கா? ஃபாரஸ்ட் கார்டு கைல குடுத்தாலும் அது தட்டும். அவன் வருவான்."

"நீ வந்து எச்சரிக்கை பண்ணு."

"கேட்டுல என்னை விடுவாங்களா?"

"நானே தட்டறேன், ஆனா அவன் பக்கத்துல வர்றதுக்கு முன்னாடி சத்தம் போடறேன்."

"இன்னிக்கு ஓடுவான். நாளைக்கு வேற யாராவது தட்டுவாங்க. நான்தானோன்னு நெனச்சு மறுபடி வருவான்." அவள் சொன்ன விதம் பழைய தேன் பேரம் மாதிரியே இருந்தது. அவர் வைக்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது ஆகாது என்று திருப்பி வைத்தாள். கடைசியில் அவரிடம் வைக்க ஒன்றும் இல்லாமல் போனது.

தேன்காரி கதவைச் சாத்தினாள். ஒரு துணியை நாலாக மடித்து ஒரு பலகைமேல் போட்டாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. முட்டியால் தட்டினாள். ஒன்று. சின்ன இடைவெளி விட்டு, ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக மூன்று.

"இது நான்" என்றாள்.

பிறகு மறுபடி அதையே தட்டி, கடைசியில் கையை விரித்து உள்ளங்கையால் பலகையில் ஓர் அறை அறைந்தாள். அந்தச் சத்தத்துக்கு எதிரொலி கிடையாது. அது அங்கேயே விழுந்து அங்கேயே கிடந்தது.

"இது நான் செத்துட்டேன்."

தட்டுக்காரர் பலகையிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தார்.

"செத்தவங்க தட்டுக்கு யாரும் பதில் தட்டக் கூடாது. அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. எடுத்துட்டுப் போறத எடுத்துட்டு மலைக்கு அந்தாண்ட போயிடணும், திரும்பிப் பாக்கக் கூடாது. அங்க ரோடும் இல்ல, ஜீப்பும் இல்ல. பொழச்சுக்குவான்."

"ஏம்மா, நீ உயிரோட நிக்கற."

"அது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா வருவானே."

"வேற யாரோட தட்டாவது சொல்லிக்குடு. நானே செத்ததா..."

"நீங்க செத்தா அவனுக்கென்ன அண்ணே?" என்றாள், சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "வேற யார் தட்டுக்கும் அவன் அங்க காத்திருக்கல."

"உயிரோட இருக்கறவங்களுக்கு இப்படித் தட்டினா என்ன ஆகும்?"

"தெரியல. அப்படி யாரும் பண்ணினதில்ல." மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். "கத்துக்குங்க. ஒண்ணு. அப்புறம் மூணும் சேந்து வரணும். பிரிஞ்சு வந்தா அது எங்க அக்கா."

சுத்தியல் பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்த விரல் முட்டித் தட்டு எளிதில் வரவில்லை. தப்பாகத் தட்டும்போதெல்லாம், "இல்ல, இது நான் இல்ல" என்றாள். சரியாக வந்தபோது பேசாமல் இருந்தாள். உள்ளங்கை அறையை மட்டும் அவள் ஒத்திகை பார்க்க விடவில்லை.

காட்டுக்குள் போன நாளில் வானம் மூடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலேயே மரங்களுக்குக் கீழே மாலை நேரம். ரேஞ்சர் கார்டுகளைப் புதர்களுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, தானும் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். தட்டுக்காரர் பாதை நடுவில், ஒரு பெரிய மரத்தின் முன்னால், சந்தையில் கட்டிவைத்த ஆடு மாதிரி நின்றார்.

"தட்டுங்க" என்றார் ரேஞ்சர் கிசுகிசுப்பாக.

சுத்தியலால் வழக்கமான தட்டு. அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டதெல்லாம் அவன் இன்று தூங்கிப்போயிருக்க வேண்டும் என்பதுதான்.

பதில் உடனே வந்தது. டொக், டொக். இடைவெளி. டொக். முன்பே வந்து காத்திருந்தவன் போல, ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

ஒரு கார்டின் மூச்சு வேகமானது. ரேஞ்சர் விரலைச் சுழற்றினார், இன்னும் ஒரு தடவை என்று. தட்டுக்காரர் தட்டினார். பதில் இன்னும் பக்கத்தில். காய்ந்த சுள்ளி ஒன்று மிதிபட்டு முறிந்தது. அவர் எத்தனையோ மரங்களை விலைபேசியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மரம் ஒன்றுகூட இருந்ததில்லை. அந்தப் புதருக்குப் பின்னால் ஒரு மனிதன், தன் பெண்டாட்டிதானோ என்று நின்றுகொண்டிருக்கிறான். இன்னும் நாலு எட்டு வைத்தால் கார்டுகளின் கை எட்டிவிடும்.

சுத்தியலை இடுப்பில் செருகினார். விரலை மடக்கினார். ஒன்று. சின்ன இடைவெளி. பிறகு மூன்றும் சேர்ந்து.

புதர் மூச்சை நிறுத்தியது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. பதில் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு சின்னச் சத்தம், தொண்டையிலிருந்து, மனிதச் சத்தம். சந்தோஷத்தில் வருகிற சத்தம் அது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் கையை விரித்து மரத்தில் அறைந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எதுவுமே இல்லை.

பறவை இல்லை, பூச்சி இல்லை. இலையிலிருந்து சொட்டுவதற்கு ஒரு துளி நீர்கூட இல்லை. அந்த அமைதி எங்கிருந்தோ வந்து நிரம்பிய மாதிரி இல்லை. இருந்த எல்லாவற்றையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

"கையால எதுக்கு அடிச்சீங்க?" என்றார் ரேஞ்சர்.

"ஈரம் பாத்தேன் சார்."

"இன்னொரு தடவ தட்டுங்க."

தட்டினார். சுத்தியலால், பலமாக, ரேஞ்சர் கேட்ட அளவுக்கெல்லாம். மழை வரும் வரை தட்டினார்கள், மழைக்குள்ளும் தட்டினார்கள். கார்டுகள் புதருக்குள் போய்ப் பார்த்தார்கள். சேற்றில் ஒரு கால்தடம், ஓடிய தடம் அல்ல. நின்று, திரும்பி, நடந்து போன தடம். அதையும் மழை அழித்தது. ரேஞ்சர் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே, "மரங்கொத்திதான் போலருக்கு" என்றார், நம்பாமல். காடு காலி என்ற எழுத்து அன்றைக்கு நிஜமாயிற்று.

தேன்காரி மில் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பதில் வரல" என்றார்.

"நல்லது" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்தச் சத்தத்தைப் பற்றி, தொண்டையிலிருந்து வந்த அந்த ஒன்றைப் பற்றி, அவர் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு மரவாடியில் அவருடைய தொழில் கெட ஆரம்பித்தது. கட்டையைத் தட்டுவார், காதை வைப்பார், எடுக்க மாட்டார். வாங்க வந்தவன் பொறுமையிழந்து, "என்னங்க, உள்ள யாராவது பேசறாங்களா?" என்பான். பேசினால் தேவலையே! மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலனிக்காரர்கள் பதில் தட்டுவார்கள்; ஆனால் தேன்காரி தட்டுவதில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் கையை மடித்து அக்குளில் செருகிக்கொள்வாள். கேட்டால், "நான்தான் இல்லியே அண்ணே" என்பாள், ஏதோ ஊருக்குப் போயிருக்கிறவளைப் பற்றிச் சொல்வது போல. அவர் சொன்னதை நம்பி மச்சான் உளுத்ததை வைரம் என்று ஒருமுறை விற்றுவிட்டு வந்து கத்தினார். வீட்டில் மனைவி, "கதவ ஏன் தொறந்து வெச்சிட்டே உக்காந்திருக்கீங்க? யாரு வரணும்?" என்று கேட்டாள். முதலில் கேலியாக, அப்புறம் பயந்துபோய்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்கும் மச்சானுக்கு உத்தரவு கிடைத்து, அங்கே மரங்களைப் பார்க்க அவர் போனது கோடை முடியும்போது. மச்சானுக்காகப் போகவில்லை. அங்கே எல்லா மரத்தையும் தட்டினார். பட்டதையும் தட்டினார், தளதளவென்று நிற்பதையும் தட்டினார். ஒன்றுகூட வெட்டுப்படாமல் இருக்க, எல்லாம் வைரம் என்று எழுதிக் கொடுக்கத் தீர்மானித்துத்தான் போயிருந்தார், ஆனாலும் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நின்று கேட்டார். வழி தவறியவன் அப்படித்தான் தட்டுவான் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கேட்டுப் பதில் தட்ட இருந்த ஒரே ஆளைத்தான் அவரே அனுப்பிவிட்டாரே.

வெயில் சாய்கிற நேரம். மலை முகட்டுக்கு அந்தாண்டயிலிருந்து, காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது மட்டும், மிக மெல்லியதாக வந்தது.

ஒன்று. சின்ன இடைவெளி. பிறகு மூன்றும் சேர்ந்து.

தட்டுக்காரரின் கை சுத்தியலோடு தானாக எழுந்தது. எழுந்த கையை மற்றக் கையால் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டார். காற்று திரும்பும்வரை அப்படியே நின்றார்.

மறுநாள் காலை தேன்காரி மில்லின் தூள் குழிக்குள் மண்டியிட்டு அள்ளிக்கொண்டிருந்தாள். அறுப்பு இன்னும் தொடங்கவில்லை. அவர் குழியின் விளிம்பில் குந்தினார். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் தனக்குள் பேரம் பேசிக்கொண்டே வந்தவர், அவள் நிமிர்ந்து பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"உன் தட்டு கேட்டுச்சு. மலைக்கு அந்தாண்ட."

அவள் கண் இமைக்கவில்லை. "எப்படி?"

குழியின் பலகையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒன்று. இடைவெளி. மூன்று. கையை எடுத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"உள்ளங்கை?"

"இல்ல."

"தூரத்துல கேட்டிருக்காது."

"மறுபடி மறுபடி தட்டினான். ஒரு தடவகூட அது வரல."

தேன்காரி ஒரு பிடி தூளை அள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அவன் எதத்தான் முழுசா முடிச்சான்? கூரை போட ஆரம்பிச்சா பாதிலயே தேனெடுக்கப் போயிடுவான். கல்யாணத்தன்னிக்கே பாதி வழில காணாமப் போய்த் தேடிக் கண்டுபிடிச்சோம்." சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ இடறி நின்றது. "அது என்னைக் கூப்பிடற தட்டு அண்ணே. உள்ளங்கை இல்லன்னா அது கூப்பிடறது."

"தெரியும்."

"கேட்டும் சும்மா இருக்கக் கூடாது."

"தெரியும்மா. இங்கேந்து தட்டினா அவனுக்குக் கேக்காது."

"கேக்காதுன்னு நானும் நெனச்சுக்கிட்டுத் தட்டிட்டா? ஒரு நாள் காத்து திரும்பிச்சுன்னா? வந்துடுவானே."

மதிலுக்கு அந்தப் பக்கம் மகள் இருமுவது கேட்டது. மேலே மச்சான் மோட்டாரைப் போட ஆள் கூப்பிட்டார். தேன்காரியின் வலது கை பலகையை நோக்கிப் போனது; விரல்கள் ஏற்கெனவே மடங்கியிருந்தன. பாதி தூரத்தில் அதை அவளே பார்த்தாள், வேறு யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போல. பிறகு இரண்டு கைகளையும் மரத்தூளுக்குள் முழங்கை வரை புதைத்து, அறுப்பு தொடங்கி அந்த இரைச்சல் எல்லாவற்றையும் மூடும்வரை, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.